கொள்ளிடத்துல விட்ட தண்ணி யார் வீட்டுக்குப் போகுதுன்னும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் 120 அடி நிரம்பினதை முதல் பக்கத்துல பெரிய படத்தோட போட்டிருந்தீங்க, 16 கண் மதகு வழியா தண்ணி நுரைச்சிக்கிட்டு வர்ற படம், பாக்கவே மனசு நெறஞ்சுது, டெல்டாக்காரங்களுக்கு அதைவிட நல்ல சேதி வேற என்ன இருக்கு. ஆனா அந்தச் செய்தியோட கடைசியில, உபரி நீரை முக்கொம்புல இருந்து கொள்ளிடத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்க, அதனால பாதிப்பு ஒண்ணும் இல்லைன்னு ஒரு வரி வந்திருந்துச்சு. வருஷா வருஷம் எல்லா பேப்பர்லயும் இதே வரிதான் வருது. அந்த ஒரு வரியைப் பத்திதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

என் மக அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல இருக்கா. அங்க போயிருந்தப்ப, எங்கப்பாவுக்கு ஆறுன்னா உசுருன்னு மருமகன்கிட்ட சொல்லியிருக்கா போல, அவர் கார்ல தெற்கால கூட்டிட்டுப் போயி ஒரு சின்ன ஊரைக் காமிச்சார். ஊர் பேரு கெய்ரோ, இல்லினாய் மாநிலத்தோட தென்கோடி முனை. நம்ம முக்கொம்புல ஒரு ஆறு ரெண்டா பிரியுது, அங்க மிசிசிப்பியும் ஒஹையோவும் ரெண்டு பக்கமும் வந்து ஒண்ணா சேருது. முனையில போயி நின்னா மிசிசிப்பி தண்ணி செங்காவியா, ஒஹையோ தண்ணி கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி, ரெண்டும் உடனே கலந்துடாம கோடு போட்டாப்புல பக்கத்துப் பக்கத்துலயே ரொம்ப தூரம் ஓடுது. பேரு என்னவோ மிசிசிப்பிக்குத்தான், ஆனா அந்த எடத்துல அதிகமா தண்ணி கொண்டு வர்றது ஒஹையோதான்.

இப்படி ஒரு எடத்துல ஊர் வச்சா அது சிகாகோவை மிஞ்சிடும்னு 1800கள்ல நெறைய பேரு நம்பி பணத்தைக் கொட்டியிருக்காங்க. 1850கள்ல ரயில் வந்துச்சு, 1861ல உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சப்ப, பின்னாடி ஜனாதிபதியான கிராண்ட் அங்கதான் முகாம் போட்டார், தெற்கால படகுல படை போறதுக்கு அதுதான் வாசல். அடிமைத்தனத்துல இருந்து தப்பிச்சு ஆத்து வழியா வந்த கறுப்பின ஜனங்க ஆயிரக்கணக்குல அங்க வந்து சேர்ந்தாங்க, பலபேர் அங்கயே தங்கிட்டாங்க. ரயில் பெட்டிகளையே படகுல ஏத்தி ஆத்தைக் கடக்க வச்ச ஊரு, அதனால வேலைக்குப் பஞ்சமில்ல. 1889ல ஒஹையோ மேல ரயில் பாலம் வந்துச்சு, படகுத் துறையோட வேலை போச்சு. அப்படியும் 1920ல 15,203 பேரு இருந்திருக்காங்க. 2020 கணக்கெடுப்புல 1,733 பேரு.

கடைத்தெருவுல நடந்தோம் சார். ரெண்டு மாடி, மூணு மாடி செங்கல் கட்டடம், ஜன்னல் இருந்த எடத்துல பலகை, ஒரு கடைக்குள்ள கூரை விழுந்து உள்ளேருந்து மரம் வளந்து வெளிய தலை நீட்டுது. ஒரு மத்தியான நேரம், தெருவுல ஆளே இல்ல. ஊரைச் சுத்தி கரை மட்டும் ரொம்ப நல்லா இருக்கு, ஆத்துப் பக்கம் கான்கிரீட் சுவர், வடக்கால ஊருக்குள்ள நுழையற ரோட்டுக்கு மேல பெரிய இரும்புக் கதவு தொங்குது, வெள்ளம் வந்தா அதை எறக்கி ரோட்டையே அடைச்சிடலாம். 64 அடி வரைக்கும் தாங்கற மாதிரி கட்டின சுவராம்.

அப்ப ஊரை அழிச்சது தண்ணி இல்ல. 1909ல ஒரு கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கான பேரு கூடி நின்னு பாக்க தெருவுலயே கொன்னிருக்காங்க. 1960கள்ல எல்லாரும் ஒரே நீச்சல் குளத்துல குளிக்கணும்னு சொன்னதுக்கு குளத்தையே மூடிட்டாங்க. கறுப்பினத்தவரை வேலைக்கு எடுத்துக்கங்கன்னு 1969ல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா கடை புறக்கணிப்பு நடந்திருக்கு, வேலை குடுக்கறதுக்குப் பதிலா கடையையே மூடிட்டுப் போனவங்க இருக்காங்க. 1970கள் கடைசியில பெரிய நெடுஞ்சாலையும் ஊரைத் தொடாம ஓரமா போயிடுச்சு, 1986ல ஆஸ்பத்திரி மூடினாங்க. மிச்சம் இருக்கறவங்கள்ல பெரும்பாலும் ஏழைங்க, கறுப்பினத்தவங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். 1927ல மிசிசிப்பியில பயங்கர வெள்ளம், அதுக்கு அடுத்த வருஷமே சட்டம் போட்டு எதிர்க்கரையில, மிசௌரி மாநிலத்துல, சுமார் 1,30,000 ஏக்கரை வெள்ளப் போக்கின்னு ஒதுக்கிட்டாங்க. ஆறு ரொம்ப ஏறினா பேர்ட்ஸ் பாயிண்ட்ங்கற எடத்துல கரையை வேணும்னே ஒடைச்சு தண்ணியை அந்த நிலத்துல விட்டுடறது, கெய்ரோவும் மத்த ஊர்களும் தப்பிக்கும். நம்ம கொள்ளிடம் பண்ற வேலைதான் அது. 1937ல ஒருதடவை ஒடைச்சாங்க. அப்புறம் 2011 மே மாசம். ஆறு கெய்ரோவுல 61 அடியைத் தாண்டிடுச்சு, ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டாங்க, கரைக்கு அடியில மணல் கொதிச்சுக்கிட்டு ஊத்து கிளம்புது. மிசௌரி அரசு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி தடை கேட்டுச்சு, கெடைக்கல. மே 2 ராத்திரி வெடி வச்சு கரையை ஒடைச்சாங்க, தண்ணி எறங்கிச்சு, கெய்ரோ தப்பிச்சுது. அதுக்கு முன்னாடி, விளைநிலம் முழுகலாமா கெய்ரோ முழுகலாமான்னு நிருபர் கேட்டதுக்கு மிசௌரி சட்டசபை சபாநாயகர் யோசிக்காம கெய்ரோன்னு சொல்லி, பெறகு மன்னிப்பு கேட்டார்.

ஒதுக்கின நிலத்துக்காரங்ககிட்ட, உன் வயல்ல தண்ணி விடற உரிமையை எனக்குக் குடுன்னு அரசாங்கம் முன்கூட்டியே காசு குடுத்து எழுதி வாங்கியிருந்துச்சு. இதை நம்ம ஊர்ல எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிறேன். ஆனா அந்த நிலத்துக்குள்ள பின்ஹூக்னு ஒரு குட்டி கிராமம் இருந்துச்சு. 1940கள்ல கறுப்பின விவசாயிங்களுக்கு வேற எடத்துல யாரும் நிலம் விக்காததால இந்தப் பள்ளத்துல வாங்கி, காட்டைத் திருத்தி, கோயில் கட்டி உக்காந்த ஊரு. கரையை ஒடைச்ச அன்னிக்கு அந்த ஊர் போச்சு. வீடு மிஞ்சல, ஜனங்க சுத்துப்பட்டு ஊர்களுக்குச் சிதறிட்டாங்க. ஒரு ஏழை ஊரைக் காப்பாத்த இன்னொரு ஏழை ஊரை முழுக்கிட்டாங்க, அதையும் அன்னிக்குப் பல செய்தியில விளைநிலம் மட்டும் முழுகினதாத்தான் சொன்னாங்களாம்.

இதைக் கேட்டப்ப எனக்கு நாதல்படுகையும் முதலைமேடு திட்டும் வெள்ளமணலும்தான் ஞாபகம் வந்துச்சு. கொள்ளிடத்துக்கு ரெண்டு கரைக்கும் நடுவுல, கடைமடையில இருக்கற ஊருங்க. 2018ல முக்கொம்புல பழைய மதகு ஒம்போது ஷட்டர் அடிச்சிட்டுப் போன சமயத்துலயும் முழுகிச்சு, 2022லயும் முழுகிச்சு. மேல லட்சம் கனஅடி தாண்டி தண்ணி விட்டாலே அவங்களுக்குத் தெரியும். தலையில கேஸ் சிலிண்டர், கையில ரேஷன் கார்டும் ஆதாரும் போட்ட கேரி பேக், கழுத்தளவுத் தண்ணியில ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு கரையேறி வருவாங்க. மாடு கன்னெல்லாம் கரை ரோட்டு ஓரத்துல வரிசையா கட்டிக் கெடக்கும், வைக்கோல் முழுகிட்டதால பசியில கத்தும். ஸ்கூல்ல முகாம் போட்டு சோறு போடுவாங்க, அதுல கொறை சொல்ல மாட்டேன். வாழையும் கத்திரியும் பருத்தியும் ஒரு வாரம் தண்ணியில நின்னு அழுகிடும், அதுக்கு நிவாரணம் கேட்டா மொதல்ல பட்டா எங்கன்னு கேப்பாங்க, படுகையில தலைமுறை தலைமுறையா பயிர் வச்சவங்க பலபேருக்கு பட்டா ஏது?

கொள்ளிடத்தைத் தெறக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. தெறந்துதான் ஆகணும், இல்லைன்னா காவேரி கரை ஒடைஞ்சு திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் என்னாகும்னு 1924 வெள்ளத்தைப் பத்தி பெரியவங்க சொல்லக் கேட்டவங்களுக்குத் தெரியும். அந்த ஆறு இருக்கறதே அதுக்குத்தான். நம்ம வயலும் வீடும் தப்பிக்கறதுக்கு அவங்க வயலும் வீடும் முழுகுதுன்னா அந்தக் கணக்கு பேப்பர்ல வரணும், அதைத்தான் கேக்கறேன். அங்க வயல்ல தண்ணி விடறதுக்கு முன்னாடியே காசு குடுத்து எழுதி வாங்கினாங்க, இங்க முழுகினதுக்கு அப்புறம்கூட கையேந்த விடறோம், இது நியாயமா சார்?

அதனால ரெண்டு விஷயம் செய்யணும்னு கேட்டுக்கறேன். கொள்ளிடத்துல எத்தனை கனஅடின்னு போடறப்ப, அந்த அளவுக்கு எந்தெந்த ஊர் முழுகும்னு பேரோட போடுங்க, தண்ணி முக்கொம்புல இருந்து கடைமடைக்கு வந்து சேர நேரம் இருக்கு, காலையில பேப்பர் பாக்கறவங்க மாட்டையாவது கரையேத்திடுவாங்க. ரெண்டாவது, வெள்ளம் வடிஞ்ச பெறகு உங்க நிருபர் ஒருத்தரை அந்தத் திட்டு கிராமங்களுக்கு அனுப்புங்க. அந்த ஊருங்க எப்ப உண்டாச்சு, யார் மொதல்ல வந்து உக்காந்தாங்க, ஏன் அங்க வந்தாங்க, வேற எடத்துல நிலம் கெடைச்சிருந்தா வந்திருப்பாங்களான்னு வயசானவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. பட்டா இல்லாதவங்களுக்குப் பயிர் நிவாரணம் குடுக்க என்ன வழின்னு அதிகாரிங்ககிட்டயும் கேட்டு, அவங்க சொல்ற பதிலை அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
கொள்ளிடக்கரை வாசகர் ஒருவர்,
சீர்காழி வட்டம்.