தேசியக் கொடி விளக்கத்தைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: ஊராட்சிச் சுவரில் தேசியக் கொடி பற்றித் தவறாக எழுதப்பட்டிருப்பதைத் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊராட்சி அலுவலகச் சுற்றுச்சுவரில் தேசியக் கொடியை வரைந்து, பக்கத்தில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தினமும் அதைப் படித்துக்கொண்டே போகிறார்கள்.

இந்த விளக்கம் ஒரேயடியாகக் கட்டிவிட்ட கதையும் அல்ல. 1921-இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) ஆந்திராவைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் காட்டிய கொடியில் சிவப்பும் பச்சையும் இரு சமயத்தவரைக் குறித்தன. மற்றவர்களுக்காக வெள்ளையையும், கூடவே ராட்டையையும் காந்தி சேர்க்கச் சொன்னார். பிறகு மதவாரியாக நிறம் பிரிப்பது சச்சரவுக்கு இடம் கொடுத்தது. அதனால் 1931-இல் சிவப்பை எடுத்துவிட்டுக் காவியை மேலே வைத்த காங்கிரஸ், நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று தெளிவாக்கிவிட்டது. ஆக, அப்போதே கைவிட்ட விளக்கத்தைத்தான் இன்றைய கொடியின் மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நேரு. ராட்டையை முழுதாகப் போட்டால் கொடியின் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் தெரியும் என்பதால், அசோகச் சக்கரம் மட்டும் இடம்பெற்றது. அதே விவாதத்தில் நம் திருத்தணியில் பிறந்தவரும் பின்னாளில் குடியரசுத் தலைவரானவருமான ராதாகிருஷ்ணன் காவிக்குத் துறவு, வெள்ளைக்கு உண்மையின் ஒளி, பச்சைக்கு மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு, சக்கரத்துக்கு அறமும் இயக்கமும் என்று பொருள் சொன்னார். சுவரில் எழுத வேண்டியது இதுதான்.

சுவரில் வரைந்துள்ள சக்கரத்தில் ஆரங்களும் குறைகின்றன. 24 ஆரங்கள், கருநீல நிறத்தில் இருக்க வேண்டும். அதை வண்ணம் பூசும்போதே சரி செய்துவிடலாம்.

எனவே, வரும் ஆகஸ்ட் 15-க்குள் இந்த வாசகத்தை அழித்துவிட்டுச் சரியான விளக்கத்தை எழுத உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடமிருந்தால், 1932-இல் திருப்பூரில் தடியடிபட்டுச் சாய்ந்தபோதும் கொடியை விடாத குமரனைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். இனிமேல் இப்படி எழுதும் முன் வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் வாசகத்தைக் காட்டிக்கொள்ளவும் அறிவுறுத்த வேண்டுகிறோம். வண்ணத்துக்கு ஆகும் செலவை ஊர் மக்களே ஏற்றுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: சுவரின் புகைப்படம், பொதுமக்கள் கையொப்பம்