மெலோடி கிராண்ட் பிரிக்குப் பாட்டு அனுப்பத் தயங்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு நோர்வேயின் பாட்டைத் தெரிவு செய்யும் மெலோடி கிராண்ட் பிரிக்கென்று நீ கட்டி, எனக்கு அனுப்பிய பாட்டைக் கேட்டேன். வயலினோடு தொடங்கும் விதம், பிறகு நோர்வே மொழியில் வரும் அடிகள், நடுவில் அப்பம்மா உன் அப்பாவுக்கும் எனக்கும் பாடிய தாலாட்டின் சாயலில் நீ தமிழில் எழுதியிருக்கும் அந்த நாலு வரி, எல்லாமே வடிவாக இருக்கின்றன. பாட்டோடு நீ எழுதியிருந்த குறிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "நோர்வே எப்படியும் கடைசியாகத்தான் வரும் பெரியப்பா. அதிலும் என்னுடைய பாட்டு என்றால் பூச்சியம்தான். அனுப்பவில்லை" என்று எழுதியிருக்கிறாய். இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லி முடிக்க என்னால் முடியாது. பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பாவில் பிறந்து, பாட்டுக் கட்டி, அதை எங்கேயும் அனுப்பாமல் கைபேசிக்குள் வைத்திருக்கும் பிள்ளைகள் உன்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

நீ சொல்லும் கணக்கு சரிதான், அதை நான் மறுக்கவில்லை. யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1956ல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் தொலைக்காட்சியும் ஒரு புதிய பாட்டை அனுப்பும். மற்ற நாடுகள் புள்ளி போடும், தன் நாட்டுக்குத் தானே போட முடியாது. நோர்வே 1960ல் சேர்ந்து முதல் தடவையே நாலாம் இடம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் வழுக்கத் தொடங்கியது. 1963ல் ஒரு புள்ளி கூட இல்லை. 1978, 1981, 1997 என்று மேலும் மூன்று முறை பூச்சியம். வேறு நாடுகளோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட தடவைகளையும் சேர்த்தால், 2024 வரை 12 முறை கடைசி. வேறு எந்த நாடும் இத்தனை தடவை அங்கே நின்றதில்லை. ஆனால் இதே நோர்வே 1985, 1995, 2009 என்று மூன்று முறை வென்றுமிருக்கிறது. அந்த 12 என்ற எண் மட்டும் உன் கண்ணில் பட்டிருக்கிறது, அந்த எண்ணுக்குள் இருக்கும் ஆட்களை நீ பார்க்கவில்லை.

அவர்களில் ஒருவர் யான் தைகன். 1978ல் பரிஸில் 20 நாடுகள் பாடின. அப்போதைய முறையில் ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 12, 10, 8 என்று தொடங்கி 1 வரை புள்ளி போடும். அதாவது கேட்ட 19 பாட்டில் பத்தை எடுக்கிறார்கள், பாதிக்கு மேல். 19 நாட்டு நடுவர் குழுக்களில் ஒன்று கூடத் தைகனை அந்தப் பத்துக்குள் வைக்கவில்லை. 1975ல் வந்த அந்தப் புள்ளி முறையில் பூச்சியம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். தோள்பட்டி போட்ட காற்சட்டை, பட்டியை இழுத்து இழுத்து விடுவது, முடிவில் ஒரு துள்ளல் என்று மேடையில் அவர் செய்ததை இன்றைக்கும் இணையத்தில் பார்க்கலாம். நன்றாகப் பாடக்கூடிய மனிதர், குரல் வீச்சும் பெரியது. ஐரோப்பா அன்றைக்கு வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நோர்வே என்ன செய்தது என்பதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பூச்சியப் பாட்டு நோர்வேயில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. தைகன் 1982ல் திரும்பவும் நோர்வேக்காகப் போனார். 1983ல் மறுபடியும் போய் ஒன்பதாம் இடம் எடுத்தார். 2020ல் அவர் இறந்தபோது அந்த நாடு தன் பெரிய பாடகர் ஒருவரை இழந்ததாகத்தான் துக்கப்பட்டது. பூச்சியம் வாங்கியதற்காக ஒளிந்து வாழ வேண்டிய நிலையை அவருடைய சனங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. நீ பிறந்தது அந்த நாட்டில், மகள். பரீட்சையில் இரண்டாம் பிள்ளையாக வந்தால்கூட முகம் கொடுக்காத வீடுகளை இங்கே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை உன் அப்பா பெட்டியில் வைத்து அங்கே கொண்டுவந்திருந்தால், நீ அதைச் சுமக்கத் தேவையில்லை.

இனி உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். உன் அப்பா எண்பதுகளில் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நோர்வேயின் வட அந்தம், 'சாமி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் நிலம். அவர் அங்கே போவதற்குச் சில வருடங்கள் முன்னர் அந்த மாகாணமே கொதித்துக்கொண்டிருந்தது. அல்தா ஆற்றை மறித்து அணை கட்ட அரசு முடிவெடுத்திருந்தது. மாசே என்ற சாமிக் கிராமத்தையே நீரில் அமிழ்த்தும் திட்டமாகத்தான் அது முதலில் இருந்தது. 1979 ஒக்டோபரில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவுக்கு வந்து, நாடாளுமன்றத்தின் முன்னால் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள்.

அடுத்த வருடம், 1980ல், நோர்வே யூரோவிஷனுக்கு அனுப்பிய பாட்டு இதைப் பற்றியது. சுவெர்ரே ஷெல்ஸ்பெர்க் என்ற நோர்வேப் பாடகரும், மாசேயைச் சேர்ந்த மத்திஸ் ஹெத்தா என்ற சாமி இளைஞரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டின் பெயரே 'சாமி நிலம்' என்று பொருள்படுவது. ஒரு காலத்தில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் பாவம் என்று ஒதுக்கிவைத்த யொய்க் என்ற பாடும் முறையை, ஹெத்தா தன் மக்களின் உடையில் வந்து நின்று, ஐரோப்பா முழுவதும் பார்த்த மேடையில் பாடினார். நாடாளுமன்றத்தின் முன்னால் இருந்தவர்களின் யொய்க் இரவும் பகலும் கேட்டது என்று பாட்டே சொல்கிறது. அரசோடு முரண்பட்டு நின்ற ஒரு மக்களின் குரலை அதே அரசின் தேசியத் தொலைக்காட்சி வெளிநாட்டு மேடைக்கு அனுப்பியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நமக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை என்ற ஏக்கமும் கூடவே வரும்.

முடிவு? 19 நாடுகளில் 16ஆம் இடம். அணையும் 1987ல் கட்டி முடிக்கப்பட்டது, மாசே மட்டும் தப்பியது. ஆனால் அந்தப் போராட்டத்தின் வழியில்தான் 1989ல் காரஷோக்கில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. பாட்டால்தான் அது வந்தது என்று சொன்னால் மிகை. அந்த வருடங்களில் சாமிப் பிள்ளைகள் தங்கள் பாட்டைத் தேசியத் தொலைக்காட்சியில் கேட்டார்கள், அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2019ல் டெல் அவிவில் நடந்த போட்டியில் கெய்னோ என்ற மூவர் குழு நோர்வேக்காக வந்தது. அதில் ஃப்ரெட் பூல்யோ என்ற சாமிக் கலைஞர், கௌதொகெய்னோக்காரர். மத்திஸ் ஹெத்தாவின் மாசேயும் அதே கௌதொகெய்னோ நகரசபைக்குள்தான் இருக்கிறது. பூல்யோ ஆட்டப் பாட்டொன்றின் நடுவில் யொய்க் பாடினார். பார்வையாளர்கள் போட்ட வாக்கில் 291 புள்ளி, எல்லா நாடுகளிலும் முதலிடம்! நடுவர் குழுக்கள் கொடுத்தது வெறும் 40. இரண்டையும் கூட்டியபோது ஆறாம் இடம். 39 வருடத்துக்கு முன் 16ஆம் இடத்தில் நின்ற அதே யொய்க்தான் இது.

நடுவருக்கும் மக்களுக்கும் இடையில் இவ்வளவு தூரம் விழுந்தது அந்த ஒரு தடவை மட்டும் இல்லை. 2023ல் நோர்வேக்காகப் பாடிய அலெஸ்ஸாண்ட்ரா ஐந்தாம் இடம் வந்தபோதும் மக்கள் 216 புள்ளி கொடுத்தார்கள், நடுவர்கள் 52. ஒரே இரவு, ஒரே பாட்டு, எண்ணுகிறவர்கள் மட்டும் வேறு. உன் பாட்டுக்கு நீயே பூச்சியம் போட்டிருக்கிறாயே, நீ எந்த நடுவர் குழுவில் இருந்துகொண்டு போட்டாய்?

வெற்றிகளையும் கொஞ்சம் பார். 1985ல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் பாபிசொக்ஸ் என்ற இரண்டு பெண்கள் வென்றார்கள். நோர்வே எத்தனையோ தடவை கடைசியாக வந்திருக்கிறது, அதனால் இந்த வெற்றியில் தனக்கு மிகவும் சந்தோஷம் என்று நிகழ்ச்சியை நடத்திய சுவீடன் பெண்மணி லில் லின்ட்ஃபோர்ஸ் மேடையிலேயே சொன்னார். அடுத்த வருடப் போட்டி நோர்வேயின் பெர்கனில் நடந்தது. அதைத் தொகுத்து வழங்கியவர் ஓசே கிளேவலாந்த். 1966ல் கித்தாரோடு வந்து பாடி மூன்றாம் இடம் எடுத்தவர், பின்னாளில் அந்த நாட்டின் கலாசார அமைச்சரானவர்.

உனக்கு அதிகம் பொருந்துவது 1995. சீக்ரெட் கார்டன் என்ற குழு. அமைத்தவர் ரோல்ஃப் லோவ்லாந்த், 1985ல் வென்ற பாட்டையும் எழுதியவர் அவரே. பாட்டு முழுவதிலும் சொற்கள் 24தான். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு குரல் வந்து போகும், மற்ற நேரமெல்லாம் வயலின். அதை வாசித்தவர் அயர்லாந்துக்காரியான ஃபியனூலா ஷெரி. இது பாட்டுப் போட்டியா வாத்தியப் போட்டியா என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. தொடர்ந்து மூன்று வருடம் வென்றிருந்த அயர்லாந்தின் தலைநகரிலேயே அந்தப் பாட்டு வென்றது. "என் பாட்டில் வயலின்தான் அதிகம், சொல் குறைவு, அதை ஏற்கமாட்டார்கள்" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியை அடித்துவிடு.

2009ல் மொஸ்கோவில் அலெக்ஸாண்டர் ரிபாக் 387 புள்ளியோடு வென்றதை நீ சிறுபிள்ளையாக வீட்டில் எல்லோரோடும் பார்த்திருப்பாய். தானே எழுதி, தானே பாடி, கையில் வயலினோடு நின்றவர். அதுவரை யூரோவிஷனில் யாரும் எடுக்காத புள்ளி அது. அவர் பெலாருஸின் மின்ஸ்கில் பிறந்து சிறுவயதில் பெற்றோரோடு நோர்வேக்கு வந்தவர். 2011ல் போன ஸ்டெல்லா முவாங்கி கென்யாவில் பிறந்தவர், பாட்டில் சுவாஹிலி வரிகள் வந்தன. 2012ல் போன தூஜி ஈரானில் பிறந்தவர். முவாங்கி அரையிறுதியைத் தாண்டவில்லை, தூஜி இறுதியில் கடைசி. ஆனாலும் அவர்களைத் தெரிவு செய்து அனுப்பியது நோர்வே மக்கள்தான். ஆகவே, "எங்களைப் போன்ற பெயருள்ளவர்களை நோர்வேக்காக அனுப்பமாட்டார்கள்" என்ற உன் தோழியின் பேச்சை நான் ஏற்கவில்லை.

2024ஐ நீ குறிப்பாகக் கேட்டிருக்கிறாய், உன் மனம் உடைந்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கோதே குழு, நோர்வே மொழியில், ஒரு பழைய கதைப்பாடலின் அடிப்படையில் பாடியது. சிற்றன்னையின் சூனியத்தால் ஓநாயாக்கப்பட்ட பெண்ணின் கதை. 2006க்குப் பிறகு நோர்வே தன் சொந்த மொழியில் அனுப்பிய முதல் பாட்டு அது. அரையிறுதியைத் தாண்டி இறுதிக்குப் போய், 16 புள்ளியோடு 25ஆம் இடத்தில், அதாவது கடைசியில் நின்றது. எனக்கு அந்த இரவில் மிகவும் பிடித்த பாட்டு அதுதான். குன்ஹில்ட் சுந்த்லியின் குரல் மாடு மேய்க்கிறவர்கள் மலைக்கு மலை கூப்பிடும் பழைய ஒலியில் உயர்ந்து போகும்போது உடம்பு சிலிர்த்தது. ஆங்கிலத்தில் பாடியிருந்தால் சில இடம் மேலே வந்திருக்கலாம். அந்தச் சில இடத்துக்காக அவர்கள் அந்தக் குரலை விற்கவில்லை. உன் தமிழ் வரிகளை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் போடலாமா என்று கேட்டிருந்தாய் அல்லவா? வேண்டாம்.

சரி, இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். யூரோவிஷன் விதிப்படி பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, உன்னுடையது தாண்டுகிறது. தமிழ் வரிகளில் கை வைக்காதே. கடைசியில் பல்லவி மூன்றாம் தடவை திரும்பி வருகிறதே, அதை எடு. தொடக்க வயலினை அரைவாசியாக்கினாலும் குறை தெரியாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்க முடியாது, ஆகவே பின்குரலுக்கு நீ யோசித்த கூட்டத்தைச் சுருக்கு. 1999இலிருந்து மேடையில் வாத்தியக்குழு கிடையாது, இசையெல்லாம் முன்பே பதிவு செய்ததுதான் ஒலிக்கும், முதன்மைக் குரல் நேரடியாகவே இருக்க வேண்டும். அதனால் வயலினை உன் அறையில் கைபேசியில் பதிவு செய்ததோடு விடாமல், நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறுதலாக இருந்து வாசி. செலவை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம், அதைப் பற்றி அவரோடு பேசிவிட்டேன்.

நோர்வேயின் தேசியத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. அடுத்த மெலோடி கிராண்ட் பிரிக்குப் பாட்டுக் கேட்கும் அறிவிப்பு வந்தால் உடனே எனக்கும் இணைப்பை அனுப்பு. பதிவு முடிந்ததும் முதலில் எனக்கே கேட்கத் தா. இரண்டாம் தமிழ் வரியில் உன் 'ழ' இன்னும் 'ல' மாதிரித்தான் விழுகிறது, அதை நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
பெரியப்பா
யாழ்ப்பாணம்