வட்டைக்கு (வயல்வெளிக்கு) யானை மின்வேலி இழுத்தவர்களுக்கும் பத்தையை (புதர்க்காட்டை) வெட்டாமல் விட்டவர்களுக்கும்

அன்புடையீர்,

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்தது. யானை ஒரு வயலிலும் இறங்கவில்லை என்று சொல்ல மாட்டோம். இறங்கிய இடங்களில் எல்லாம் கேற் திறந்து கிடந்தது. வேலி அறுந்து நுழைந்தது எங்கும் இல்லை. இதற்குக் காரணமானவர்கள் பலர்.

முதல் நன்றி, ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களுக்கு. ஆற்றோர மேட்டு நிலக்காரர் சோளன் நல்ல விலை போன நேரத்திலும் அந்தப் பத்தைக்காட்டுக்குள் பெக்கோ இயந்திரம் இறக்கவில்லை. மருதும் விளாவும் முட்பத்தையும் மண்டிய அந்தத் துண்டு, பார்க்கிறவருக்குச் சும்மா கிடக்கும் காணி. யானைக்கு அதுதான் பகல் தங்குமிடம். முதிர்ந்த அடர்காட்டில் அதற்குத் தீன் குறைவு. புல்லும் இளம் பத்தையும் உள்ள இடத்தில்தான் வயிறு நிறையும். ஒரு பெரிய யானைக்கு நாளுக்கு 150 கிலோ அளவில் தீன் வேண்டும். பத்தையை வழித்துவிட்டால் அது காட்டுக்குத் திரும்பிப் போய்விடும் என்று நினைப்பது தவறு. பிறந்து திரிந்த நிலத்தை யானை லேசில் விடாது. மறைவிடம் போனால் வயலோரத்திலேயே நிற்கும். அழுங்கும் கொடுப்புலியும் (மீன்பிடிப் பூனை) மரையும் அதே பத்தையை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றின் இழப்புக்கு நெல் சேதக் கணக்கில் இடமில்லை, அதனால் பேச்சும் இல்லை.

1949 இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியதிலிருந்து கொலனி கொலனியாகக் காடு வயலானது. போர்க்காலத்தில் கைவிட்ட வயல்களில் பத்தை வளர்ந்தது, யானை வந்தது. 2009 க்குப் பிறகு அதையும் திரும்ப வெட்டினோம். இலங்கையில் யானை திரியும் நிலத்தில் பத்தில் ஏழு பங்கு அளவில் மனிதரும் குடியிருக்கிறார்கள். அப்படியிருக்க, வனத்தின் எல்லையில் போடும் வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கும். எதை எங்கே தடுப்பது? ஆகவே வேலி வயலைச் சுற்றி, வேளாண்மை நிற்கும் மாதங்களுக்கு மட்டும். கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு மனித-யானை மோதல் பற்றி 2020 இல் கையளித்த தேசிய செயற்திட்டத்திலும் வயலையும் ஊரையும் சுற்றிய வேலிதான் முக்கியம். வெட்டு முடிந்ததும் கம்பியைச் சுருட்டிவிடுகிறோம். தாளையும் மறுதாம்பையும் (வெட்டிய அடியில் திரும்பத் தளிர்ப்பதை) யானை தின்னட்டும்.

கட்டை நட்ட இளைஞர்களுக்கும் ஒட்டுப்பட்டறைக்காரருக்கும் நன்றி. கம்பி கட்டையின் வெளிப்பக்கம், அதாவது யானை வரும் பக்கம் இருக்க வேண்டும். உள்ளே கட்டினால் கட்டையைத் தள்ளிச் சாய்த்துவிட்டு வரும். மேல் கம்பி ஆறடியில், கீழ்க் கம்பி மூன்றரை அடியில். கறுப்புத் தண்ணீர்க் குழாயைத் துண்டு போட்டு இன்சுலேட்டராக வைப்பது மலிவுதான். மழை பெய்தால் அதன் வழியே கரண்ட் கசியும். கம்பியைச் சும்மா முறுக்கிப் பொருத்தினாலும் தொல்லை. தளர்ந்த மூட்டில் தீப்பொறி பறக்கும், துரு ஏறும், அதற்கு அப்பால் வேலி செத்துக் கிடக்கும்.

பலர் கவனிக்காதது எர்த், அதாவது மண் இணைப்பு. ஆறடிக் கல்வனைஸ் கம்பி மூன்று, பத்தடி இடைவெளியில், முழுதாக மண்ணுக்குள். யானையின் உடம்பால் மண்ணில் இறங்கிய கரண்ட், வேலிக்கு அடி கொடுக்கும் இயந்திரமான எனர்ஜைசருக்குத் திரும்பினால்தான் அடி விழும். சிறுபோகத்தில் மண் காய்ந்தால் இயந்திரம் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும், வேலியில் அடி இருக்காது. எர்த் கம்பியின் அடியில் வாளித் தண்ணீர் ஊற்றினால் வித்தியாசம் தெரியும்.

வோல்ற் மீற்றர் தந்து பழக்கிய வனசீவராசிகள் உத்தியோகத்தர்களுக்கு எங்கள் நன்றி. பொழுதுபட முன்னர் வேலியின் கடைசி முனையில் அளக்க வேண்டும். 6,000 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நிம்மதி. 4,000 க்குக் கீழே போனால் அன்றிரவே ஆள் நடக்க வேண்டும். அடிக்காத கம்பியை ஒரு தடவை கண்டுகொண்ட தனியன் (தனித்துத் திரியும் ஆண் யானை) பிறகு வேலியை மதிக்காது. குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் புல். மழைக்குக் கிடுகிடுவென வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொடும். சுவிச்சைக் கழற்றி ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் எந்தத் துண்டில் இழப்பு என்று பிடித்துவிடலாம். புல் வெட்டும் முறையைப் பிசகாமல் பார்த்த, வயலைப் பராமரிக்கும் முல்லைக்காரர்களும், அவர்களுக்குத் தேத்தண்ணீரும் சோறும் கொண்டுவந்த தாய்மாரும் இல்லாவிட்டால் இந்த வேலி வெறும் கம்பிதான்.

மாட்டைக் கேற் வழியாக மட்டும் சாய்த்த பட்டிக்காரர்களுக்கும், யானை வெடியைக் கைவிட்டவர்களுக்கும் நன்றி. வெடிக்கு ஓடுவது தாயும் கன்றும். தனியன் நின்று பழகி, பிறகு ஆளைத் திருப்பித் துரத்தும்.

வீட்டு லைனில் கொக்கி போட்டுக் கம்பிக்குக் கரண்ட் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனர்ஜைசரின் அடி கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு, செக்கனுக்கு ஒன்று அளவில். தொட்ட உயிர் உதறிக்கொண்டு விலகும். 230 வோல்ற் லைன் விட்டுவிட்டு அடிப்பதில்லை, தொட்டதை விடாது. மாடும் மனிதரும் யானையும் ஒன்றுபோலச் சாவது அதில்தான். சட்டத்துக்கும் விரோதம். 2023 இல் மட்டும் நாட்டில் 450 க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, யானை-மனித மோதலில் 160 க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து பற்றறிக்கும் சோலார் பனலுக்கும் காசு அனுப்பிய ஊர்ப் பிள்ளைகளுக்கு: இரண்டும் வயல்களைக் கண்காணிக்கும் வட்டவிதானையின் வீட்டில் பூட்டிக் கிடக்கின்றன, பற்றறி மாதம் ஒருமுறை சார்ஜ் ஏறுகிறது.

சிறுபோக விதைப்புக்கு முன் கம்பி இழுக்கும் நாளைக் கமக்காரர் கூட்டத்தில் அறிவிப்போம். கத்தியோடு வாருங்கள். கேற் கொக்கி ஆறு உடைந்து கிடக்கிறது, யாராவது பொறுப்பெடுத்தால் உதவி.

இப்படிக்கு,
வட்டை யானைவேலிக் குழுவினர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.