பொய் சொல்றான்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே தங்கை மறுபடி வேலைக்குப் போகிறாள். மனச்சோர்வுக்கான மாத்திரை தொடர்கிறது.

'போஜாக் ஹார்ஸ்மேன்' என்ற அனிமேஷன் தொடரைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆறு சீசன், 77 எபிசோடு, முழுக்கப் பார்த்துவிட்டேன். பார் என்று சொல்லத்தான் ஆசை, ஆனாலும் மனசு தயங்குகிறது.

நாலாவது சீசனில் ஆறாவது எபிசோடு. கண் விழித்ததிலிருந்து தலைக்குள் ஒரு குரல், கதாநாயகனான பழைய டிவி நடிகன் போஜாக்கைத் திட்டிக்கொண்டே இருக்கும். அப்போதெல்லாம் படமும் கிறுக்கல் கோடாக மாறிவிடும். பால் வாங்கக் கிளம்புகிறவன் குடிக்கப் போய்விடுகிறான். கடைசியில், தன் மகள் என்று அவன் நம்பும் ஹாலிஹாக் கேட்கிறாள்: என் தலைக்குள்ளும் கேட்கிற இந்தக் குரல் இந்த வயதில் மட்டும்தானே, அப்புறம் போய்விடும்தானே? அவன் ஆமாம் என்கிறான்.

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பொய் சொல்றான்" என்றாள். தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டாள். ஒரு வருடத்தில் தன் நோயைப் பற்றி அவளாக என்னிடம் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதான். அதற்காகவே இந்தத் தொடருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் கோபமும் இருக்கிறது. சின்ன வயதில் அவனோடு டிவியில் நடித்தவள், போதையை விட்டிருந்த சாரா லின். அவளை அவன் திரும்ப இழுக்கிறான். அவள் செத்தே போகிறாள். மனச்சோர்வு உள்ளவர் என்றால் சுற்றியிருப்பவர்களை நாசமாக்குவார் என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிட்டால்? தங்கை யாரையும் நாசமாக்கவில்லை. தலை வாராமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அவளைப் போன்றவள், போஜாக்கின் தோழியான எழுத்தாளர் டயான்தான். மாத்திரை எடுக்கிறாள், உடம்பு பெருக்கிறது. தான் பட்ட வேதனையெல்லாம் நல்ல புத்தகமாக வராவிட்டால் அத்தனையும் வீண் என்று தவிக்கிறாள். கடைசியில் அவள் எழுதுவது, ஷாப்பிங் மாலில் துப்பறியும் ஒரு சிறுமியின் கதை! நான் அழுதுவிட்டேன். இவ்வளவு நல்ல விஷயத்தை ஆறாவது சீசன் வரைக்கும் தள்ளிப் போட்டிருக்க வேண்டாம்.

பார். ஆனால் கடைசிக்கு முந்தைய எபிசோடை மட்டும் ராத்திரியில் தனியாகப் பார்க்காதே. சாவின் விளிம்பு வரை கூட்டிப் போகும். சரியாகத் தூக்கம் வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாயே, அதை நான் படிக்காமல் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்