பதிவை மட்டும் விட்டுவிடாதே, கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மல்கோவா இந்த வருஷம் கம்மி. போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்ன மாமா மகன் உன்னைச் சென்னையில் பார்த்தானாம். கம்ப்யூட்டர் தமிழில் எழுதுகிற பதில்களைத் திருத்தும் வேலை, நல்ல சம்பளம் என்றான். அதில் ஒரு தப்பும் இல்லை. அரசுக் கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் முனைவர் பட்டமும் நெட் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு 11 மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதை நானும் பார்க்கிறேன். நீ சம்பாதி. ஆனால் மலைமக்களின் கதை, பாட்டுகளைப் பற்றிய உன் பிஎச்.டி. பதிவை மட்டும் ரத்து செய்துவிடாதே. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி பதிவு செய்ததிலிருந்து 6 வருஷம் வரை அவகாசம் உண்டு. அது போதாவிட்டால் மறுபதிவு செய்து இன்னும் 2 வருஷம் கேட்கலாம்.

"இனி இந்த ஆராய்ச்சியெல்லாம் யாருக்குப்பா வேணும், மெஷினே எழுதிடும்" என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். அன்றைக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் கடையில் எத்தனை ஆய்வேடுகளை டைப் அடித்து பைண்டிங் செய்து கொடுத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். முதல் இயலை அடிக்கும்போதே இது வேறொருவருக்கு நான் முன்பே அடித்த பக்கம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அட்டையில் தங்க எழுத்து மட்டும் புதிது. அந்த மாதிரி ஆராய்ச்சியை மெஷின் தாராளமாக எழுதட்டும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எம்.ஃபில். என்ற ஆய்வுப் படிப்பையே எடுத்துவிட்டார்கள், நாளை பல்கலைக்கழகங்களில் தமிழ் போன்ற கலைத்துறைகளையும் சுருக்கலாம். அப்படிச் செய்யும்போது உன்னுடையது போன்ற ஆராய்ச்சியும் சேர்ந்து போய்விடுமே என்பதுதான் என் பயம்.

ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்ற கதையை எடுத்துக்கொள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. மெஷினிடம் கேட்டால் இதைச் சொல்லும். வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகங்களிலேயே அச்சாகிவிட்ட கதைதானே. அதையே கிராமத்துக்குக் கிராமம் எப்படி மாற்றிச் சொல்கிறார்கள், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பிக்கிறார்கள் என்பதெல்லாம் உன் ரெக்கார்டரிலும் உன் நோட்டிலும்தான் இருக்கிறது. நோட்டுகள் இங்கே பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. நம் வீட்டில் யாரும் செய்யாத வேலை அது. அம்மா பக்கத்து வீட்டாருக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள்.

மலையிலிருந்து சேலம் லீ பஜாருக்கு மிளகு கொண்டுவரும் பெரியவர் போன வாரம் என்னை நிறுத்தி, "பாட்டுக் கேக்க வந்த புள்ள எங்க, ஆளையே காணோம்?" என்றார். வேலையாக இருக்கிறாள் என்றேன். பாட்டை எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டுவதாக நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய், பாப்பா. அவர்கள் மறக்கவில்லை. பாடிக் கொடுத்தவர்களுக்கு வயதாகிறது. பல்கலைக்கழகம் இருக்கிறதோ இல்லையோ, அவர்களுக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர்க்காரர் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்தவர். 1880இல் உ.வே.சாமிநாதையர் தாம் படித்த அந்தாதி, உலா, கோவை என்று பிற்காலச் சிற்றிலக்கியங்களை அடுக்கிச் சொல்ல, முதலியார் அசரவே இல்லை. பழைய காப்பியங்களான சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றுதான் கேட்டார். ஐயர் ஏடு தேடிப் போனது அதற்குப் பிறகு. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் இப்படிப்பட்ட நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் போட்டார்கள். இன்று மெஷினுக்குத் தெரிந்த பழந்தமிழ் இப்படிப் பலர் உழைத்துக் கொடுத்ததுதான். முதலியார் பேராசிரியர் இல்லை, சம்பளத்துக்காகவும் கேட்கவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும் அளவுக்குப் படித்திருந்தார். நீயும் அந்த அளவுக்குப் படித்தவள். மெஷின் எழுதியதில் எது தப்பு என்று உன்னால் சொல்ல முடிவதும் அந்தப் படிப்பால்தான். அந்தக் கம்பெனிக்கு நீ தேவைப்படுவதே அதனால்தானே? படிப்பைப் பாதியில் விட்டால் இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் கண் உனக்கு இருக்கும்?

கோபித்துக்கொள்ளாதே. பகலில் வேலை பார், ராத்திரி ஒரு பக்கம் எழுது. நெறியாளர் ஏதாவது சொல்லியிருந்தால் என்னிடம் சொல். பணம்தான் பிரச்சினை என்றால் அதையும் சொல். கடையின் பழைய டிரெடில் அச்சு மெஷின் விற்ற காசை அப்படியே வைத்திருக்கிறேன், அம்மாவுக்கும் சம்மதம்தான். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் மலைக்கு நானும் கூட வருகிறேன், உன் ரெக்கார்டர் பையை நான் தூக்கிக்கொள்கிறேன்.

பதிவை விட்டுவிடாதே. இந்த வருஷக் கட்டணம் கட்டியாயிற்றா? கடைசித் தேதி என்ன? வேறு எதுவும் எழுத நேரமில்லாவிட்டாலும் அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா