கேஜ் வைத்துப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்துவிடாதே

ரங்கூன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல்.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. மோல்மீனில் கரண்ட் இல்லை, டவர் படுத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பினாளோ இல்லையோ, ‘ம்’ என்றாள். முடிந்தால் ஒருமுறை அவளிடம் பேசு. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தையும் பொட்டலத்தையும் பெரியம்மா வீட்டு மாப்பிள்ளை பஸ்ஸில் கொண்டுவருகிறார். தட்டோன் பக்கம் ரோடு எப்படி இருக்கிறதோ, அவர் வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல். பொட்டலத்தில் என் கம்ப்ரஷன் கேஜ் இருக்கிறது. சின்ன வயதில் நீ கீழே போட்டுக் கண்ணாடியை உடைத்தாயே, அதேதான். கண்ணாடி இல்லாவிட்டாலும் முள் பொய் சொல்லாது.

வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று துருவாதே. பகோடா மேட்டில் இழுக்கவில்லை, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் உதறுகிறது, புகை தள்ளுகிறது. அங்கே உள்ள மெக்கானிக் ஸயா ஒருவர் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ‘எஞ்சின் போச்சு, இறக்கணும்’ என்று சொல்லிவிட்டாராம். நீயும் வந்த விலைக்குத் தள்ளிவிட ஆள் பார்க்கிறாயாம். ஏன் இத்தனை அவசரம் என்று நான் கேட்கவில்லை. உனக்கு ஆயிரம் யோசனை இருக்கும். ஆனால் காதால் கேட்டு எஞ்சின் போச்சு என்று சொல்கிறவன் பேச்சை, என் பட்டறையில் வளர்ந்த பிள்ளை அப்படியே நம்பியிருக்கிறான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கேஜ் வைத்து அழுத்தம் பார்த்து, நாலு சிலிண்டருக்கு நாலு நம்பர் வேண்டும். அந்த நாலு நம்பர் இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அது வெறும் பேச்சு.

செய்ய வேண்டியது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நீ கடைசியாகக் கேஜ் பிடித்து எத்தனையோ காலமாகிறது.

பாட்டரி முதலில் நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும். இப்போது இருக்கிற கரண்டுக்கு இதுதான் பெரிய வேலை, யார் வீட்டு ஜெனரேட்டரிலாவது போட்டுக்கொள். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் கெட்ட எஞ்சின் மாதிரிக் காட்டும். அப்புறம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கு, ரேடியேட்டர் பேன் ஓடி நிற்கிற அளவுக்கு. குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டுப் பயந்து போகாதே.

நிறுத்தியதும் ஈஎஃப்ஐ என்று எழுதியிருக்கிற பியூஸைப் பிடுங்கிவிடு. மறக்காதே. பிளக் இல்லாத ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி பீய்ச்சும்போது பக்கத்தில் யாராவது சுருட்டோடு நின்றால் அவ்வளவுதான். பிளக்குக்கு மேலே இருக்கிற காயில் நாலையும் பத்தாம் நம்பர் ஸ்பானரில் கழற்று. பிளக் குழியில் இருக்கிற மண்ணை ஊதிவிட்டு அப்புறம் பிளக்கைக் கழற்று, இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். ஹெட் அலுமினியம். கை சுடாமல் தொடுகிற அளவுக்கு ஆறட்டும், அவசரப்பட்டு மரையைப் பிய்த்துவிடாதே. நாலு பிளக்கையும் எடுத்துவிட வேண்டும், பார்க்கிற ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது. எடுத்த பிளக்குகளை வரிசை மாறாமல் துணியில் அடுக்கு. எண்ணெயில் நனைந்தது எது, கரி பிடித்தது எது என்று பார். ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகப்படு.

கேஜ் ஹோஸைக் கையாலேயே திருகு, ஸ்பானர் வேண்டாம். ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல். பாதி மிதித்தால் காற்று முழுதாக உள்ளே போகாது, நம்பர் குறையும். ஸ்டார்ட்டரைச் சுற்று. முள் எழும்பி எழும்பி ஒரு இடத்தில் நிற்கும். பிஸ்டன் ஐந்தாறு அடி அடிப்பதற்குள் நின்றுவிடும். முதல் அடியில் எங்கே போனது, கடைசியில் எங்கே நின்றது, இரண்டையும் எழுது. முதல் அடியில் குறைவாக இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில். முதலிலும் குறைவு, அப்புறமும் ஏறவில்லை என்றால் வால்வு. இதை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை, நீயாகவே கண்டுபிடித்துப் பத்து வயதில் எனக்குச் சொன்னாய். அன்றைக்கு டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த எஞ்சினுக்கு, டொயோட்டாவின் ஒன் என்இசட்டுக்கு, கம்பெனிக் கணக்கு 15 கிலோ அழுத்தம், பவுண்டில் 213. 11 வரை இறங்கினாலும் ஓட்டலாம் என்பது அவர்கள் வைத்த எல்லை. ஆனால் ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. நாலும் 13-இல் நின்றால் அது வயசான நல்ல எஞ்சின். மூன்று 14-இல் நின்று ஒன்று 9-இல் நின்றால்தான் பேச்சே.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார். நம்பர் ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து படுத்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்; அப்போது ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, ஆயில் மூடிக்கு அடியில் பால் மாதிரி படிந்திருக்கிறதா என்றும் பார். நாலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் எஞ்சினைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பாட்டரியைச் சந்தேகி. பாட்டரி சரி என்றால் டைமிங் செயின்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நாலும் நன்றாகத்தான் வரும். காலையில் மட்டும் நீலப் புகை விட்டுவிட்டு அப்புறம் நின்றால் அது வால்வு சீல். சீல் போனால் கம்ப்ரஷன் குறையாது, ஆயில்தான் குடிக்கும், அதற்கு எஞ்சின் இறக்க வேண்டியதில்லை. உதறலுக்குக் காயிலை மாற்றி மாற்றிப் பார். ஒன்றாம் சிலிண்டர் காயிலை மூன்றில் போட்டால் உதறலும் மூன்றுக்குப் போகிறதா என்று பார். போனால் குற்றவாளி காயில். ஒரு காயிலுக்காக ஒரு வண்டியைத் தூக்கிக் கொடுப்பார்களா? அந்த ஸயா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எஞ்சின் இறக்கினால் அவருக்கு எவ்வளவு வரும், காயில் மாற்றினால் எவ்வளவு வரும் என்று நீயும் கணக்குப் போட்டிருக்கலாம்.

அந்த வண்டி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். 2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்யப் பர்மிட் தருகிறோம் என்றபோது தாத்தாவின் மஸ்தாவைக் கொடுத்தேன். அம்மா வாசலுக்கே வரவில்லை. 1964-இல் தெருவே காலியாகி எல்லோரும் மெட்ராஸ் கப்பலுக்கு நின்றபோது தாத்தா மட்டும் ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்பதும் உனக்குத் தெரியும். அவர் செய்தது சரியா தப்பா என்று நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் பேச வேண்டாம்.

சின்னவளைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுத நினைத்தேன். அதை அம்மா போனில் சொல்லட்டும். பீலிக்கான் கோவிலில் உனக்காக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறாள், என்ன என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

வார்டில் குடும்பப் பட்டியலை மறுபடி பார்த்தார்கள். உன் பெயரைக் கேட்டார்கள். மோல்மீனில் வேலை என்றேன். வயதைக் கேட்டார்கள். அதுதான் பட்டியலிலேயே இருக்கிறதே. பட்டாளத்துக்கு 35 வரைக்கும் என்று வைத்திருக்கிறார்கள், உனக்கு இன்னும் இருக்கிறது. 2024 பிப்ரவரிக்கு அப்புறம் ஆண்பிள்ளை இருக்கிற எந்த வீட்டில்தான் தூக்கம். சரி, அது இருக்கட்டும்.

பியூஸ் பிடுங்க மறக்காதே. பாட்டரி, பாட்டரி.

கேஜைப் பற்றி ஒன்று. ஹோஸ் நுனியில் இருக்கிற சின்ன வால்வு டயர் வால்வு மாதிரியே இருக்கும். பழுதானால் டயர் கடையில் வாங்கிப் போட்டுவிடாதே. அதன் ஸ்பிரிங் கெட்டி, நம்பரைக் குறைத்துக் காட்டும். நம் பட்டறையில் ஒருவன் அப்படிப் போட்டுவிட்டு, வந்த வண்டிக்கெல்லாம் ரிங் போச்சு என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

சரி. விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுக்கொள். நான் தடுக்கவில்லை. ஆனால் எஞ்சின் போன வண்டி என்று விற்காதே. நாலு நம்பரையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுது. வாங்க வருகிறவன் முன்னாலேயே கேஜ் வைத்துக் காட்டு, அவனையே முள்ளைப் பார்த்துப் படிக்கச் சொல். நம்பர் நன்றாக இருந்தால் நீ சொல்கிற விலையிலிருந்து ஒரு பைசா இறங்காதே, நாலு பேர் வருவார்கள். நம்பர் மோசமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி விற்றுவிடு. எப்படியும் நீ நினைத்திருக்கிற தொகையைவிடக் கூடவே வரும். நீ போகிற இடத்தில் அது கையில் இருக்க வேண்டும். முழுவதையும் ஒரே ஆளிடம் முன்பணமாகக் கொடுக்காதே. பாதி போதும், மீதி போய்ச் சேர்ந்த பிறகு.

ஓனர் புக் இல்லாமல் யாரும் வாங்கமாட்டார்கள். அதைக் கேட்டு ஒருநாள் போன் பண்ணுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டலத்தின் அடியில், அட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நாலு நம்பரையும் எனக்கு எழுதி அனுப்பு. போனில் சொன்னாலும் சரி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகச் சொல், கலந்து சொல்லாதே.

அன்புடன்
அப்பா

பின் குறிப்பு: ஹோஸ் வாயில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உண்டு, லூசாக இருக்கிறது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது கருவாட்டோடு சேர்ந்து விழுந்துவிடப் போகிறது. அது இல்லாவிட்டால் காற்று கசிந்து எல்லா நம்பரும் தப்பாக வரும்.