ஸ்காபரோ–ரூஜ் ரிவர்: வரைபடத்தில் இல்லாத எங்கள் தொகுதி

டொராண்டோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் ஊர்ச் சங்கங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் முதியோர் மன்றங்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்துகிற எல்லோருக்கும்,

வணக்கம். என் அக்காவின் மகள் பத்தாம் வகுப்புக் குடிமையியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தாள். கனடா நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் எந்தத் தொகுதியில் வென்றார் என்று தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்று போட்டிருக்கு, ஆனால் வரைபடத்தில் அப்படி ஒரு தொகுதியே இல்லையே" என்றாள். அவள் அதைக் கேட்டது மல்வேர்னில், அந்தத் தொகுதிக்குள்ளேயே இருந்த ஒரு வீட்டின் சமையலறை மேசையில் இருந்துகொண்டு. எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. அன்றிரவே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அந்தத் தொகுதியில் வாக்களித்தவர்கள்தான், ஆனாலும் முழுக் கதையையும் யாரும் எங்களுக்கு இருந்து சொன்னதில்லை. 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே, ஸ்டீல்ஸ் வீதி வரைக்கும், மல்வேர்ன், மில்லிக்கன், அஜின்கோர்ட்டின் வடக்குப் பக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. மல்வேர்ன் பண்ணை நிலமாக இருந்த இடம். மத்திய அரசு 1950களில் அந்த நிலங்களை எடுத்தது, 1970களில்தான் வீடுகளும் சனமும் வந்தன. முந்தி இந்தப் பக்கமெல்லாம் யோர்க்–ஸ்காபரோ என்ற பெரிய தொகுதிக்குள் இருந்தது. 1987இல் எல்லைகளை மாற்றியபோது ஸ்காபரோ–ரூஜ் ரிவர் பிறந்தது, 1988இல் முதல் தேர்தல். அந்தத் தேர்தலில் லிபரல் கட்சியின் டெரெக் லீ வென்றார், அப்புறம் 1993, 1997, 2000, 2004, 2006, 2008 என்று தொடர்ந்து வென்று மொத்தம் ஏழு தேர்தல், 22 வருடத்துக்கு மேல் அவர்தான் எம்.பி.

அந்த 22 வருடத்தைத்தான் நாங்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். 83 கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்கு 1988இல் குடியுரிமையே இல்லை, வாக்கு எங்கே இருக்கும்? அகதி விண்ணப்பம், பிறகு நிரந்தர வதிவிடம், பிறகு குடியுரிமைப் பரீட்சை, அதற்குப் பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்த சனம் அது, இரண்டு வேலை செய்துகொண்டே ஏறி வந்த சனம். 2006 குடிசன மதிப்பீட்டின்படி தொகுதியில் பத்தில் ஒன்பது பேர் அளவில் வெள்ளையரல்லாத சிறுபான்மையினர், கனடாவின் எல்லாத் தொகுதிகளையும்விட அதிகம். தமிழர் மட்டுமில்லை, சீனர், கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள், பிலிப்பினோக்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடம்.

2011 மே 2 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். டெரெக் லீ போட்டியிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுபிள்ளையாக இங்கே வந்த ராதிகா சிற்சபைஈசன், புதிய ஜனநாயகக் கட்சியில் நின்று, 29 வயதில் வென்றார், என் மருமகள் தேடிய அந்த முதல் தமிழ் எம்.பி. அவர்தான். அந்தக் கட்சி நாடு முழுக்க 103 இடம் பிடித்த தேர்தல் அது, அந்த அலையும் ஒரு காரணம்தான். ஆனால் அலை என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் எனக்கு மனம் ஆறாது. இரண்டு வருடத்துக்கு முன்புதான், 2009 மே மாதம், வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்க, இங்கே எங்கள் ஆட்கள் போரை நிறுத்தச் சொல்லிக் குழந்தை வண்டிகளோடு டொராண்டோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றார்கள். 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் அகதி அந்தஸ்துக் கேட்டு வந்து இறங்கியபோது எங்களைப் பற்றி என்னவெல்லாம் கதைத்தார்கள் என்பதும் நினைவிருக்கும். அந்த இரண்டு வருடத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். என் அம்மா அதற்கு முன் ஒரு தேர்தலிலும் வாக்குப் போடாதவர், அன்று சேலை உடுத்திக்கொண்டு, வாக்காளர் அட்டையைக் கைப்பைக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டு போனார். எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

சரி, தொகுதிக்கு என்ன ஆனது? பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு ஒவ்வொரு மாகாணத்திலும் மூன்று பேர் கொண்ட சுயாதீன ஆணைக்குழு எல்லைகளைத் திருத்தும். 2012இல் தொடங்கிய திருத்தத்தில் ஒன்ராறியோவின் இடங்கள் 106இலிருந்து 121 ஆயின. எங்கள் தொகுதியின் மேற்குப் பக்கம் ஸ்காபரோ வடக்குக்குப் போனது, கிழக்குப் பக்கம் 401ஐத் தாண்டித் தெற்கே உள்ள இடங்களோடு சேர்ந்து ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆனது. 2015 ஒக்டோபர் 19 தேர்தலில் ஸ்காபரோ வடக்கில் நின்ற ராதிகா தோற்றார், ரூஜ் பார்க்கில் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். அந்த ரூஜ் பார்க் தொகுதியும் பிறகு மாறி, 2025 தேர்தலில் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்று நின்றது. ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத்துக்கான தொகுதியாக மட்டும் பழைய பெயர் இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது: 2016 செப்டம்பர் 1 இடைத்தேர்தலில் லிபரல், புதிய ஜனநாயகக் கட்சி இரண்டும் தமிழரையே நிறுத்தின, வென்றவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரேமண்ட் சோ. 2018இல் அந்தப் பெயரும் போனது.

எல்லை மாறியது பிழை என்று நான் சொல்லவில்லை. சனம் கூடினால் தொகுதி பிரியத்தான் வேண்டும், வாக்குக்கு வாக்கு சமமாக இருக்க அதுதான் வழி. என் கவலை வேறு. 1988 முதல் 2011 வரை எட்டுப் பொதுத்தேர்தல், இரண்டே எம்.பி.க்கள், வாக்கு எண்ணிக்கையெல்லாம் அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கும். தமிழில் அடித்த துண்டுப்பிரசுரங்கள் யாரிடம் இருக்கின்றன? வாசலில் குத்திய பலகைகள்? அம்மம்மாக்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திய பையன்கள் சொல்லக்கூடிய கதைகள்? எல்லாம் எங்கள் பேஸ்மென்ற்களில் இருக்கின்றன, அல்லது ஒவ்வொரு வீடு மாறும்போதும் நீலக் குப்பைத் தொட்டிக்குள் போகின்றன. 2011இல் எழுபது வயதில் முதல் வாக்கைப் போட்டவர்கள் இருந்தால் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள், நாங்கள் செத்தவீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் மண்டபம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், முதியோர் வாரம் ஒருமுறை வந்து கூடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மேசையில் பெட்டி வையுங்கள், ஆட்கள் பழைய தாள்களையும் படங்களையும் கொண்டு வரட்டும். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டிமாரின் முதல் வாக்கைப் பற்றிக் கேட்டு ஃபோனில் பதிவு செய்யட்டும், அவர்களுக்குத் தமிழில் கதைக்கவும் அது ஒரு சாட்டு. பக்கத்து வீட்டு யமைக்காக்காரரிடமும் சீன மாமியிடமும் கேளுங்கள், தொகுதி அவர்களுடையதும்தான். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் எங்கள் காசும் சேர்ந்து உருவான தமிழ் இருக்கை இருக்கிறது, சேர்த்ததை எப்படிப் பாதுகாக்கலாம் என்று அங்கே போய்க் கேட்கலாம்.

இன்னொன்று. 2031 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு அடுத்த ஆணைக்குழு வரும், பொது விசாரணை வைக்கும், எல்லையைப் பற்றியும் பெயரைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். ஒரு பகுதி மக்களின் ஒன்றிணைந்த நலனையும் தொகுதியின் வரலாற்றையும் ஆணைக்குழு கவனிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வரலாறு கையில் இல்லாமல் அங்கே போய் நின்று எதைக் காட்டப் போகிறோம்?

அம்மா போன பிறகு அவருடைய பிஸ்கட் டின்னுக்குள் தமிழில் அடித்த மூன்று பிரசுரங்கள் இருந்தன, மூன்றும் வெவ்வேறு கட்சியுடையவை. நான் ஸ்கான் செய்து வைத்திருக்கிறேன். உங்களில் முதலில் பெட்டி வைக்கிறவர்களிடம் மூலத்தாள்களைக் கொண்டு வந்து தருகிறேன்.

அன்புடன்,
மல்வேர்னில் இருந்து ஒரு பழைய ரூஜ் ரிவர் வாக்காளர்